ஜாக்கி வாங்கும் முன்னால் இதைப் படித்துவிடு, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது எல்லாம் இனி நீயே வீட்டில் செய்யப்போகிறாய் என்றதும் அம்மாவுக்குப் பயம். எனக்குச் சந்தோஷம். ஆவாரம்பாளையம் பட்டறையில் ஸ்பேனர் நம்பர் சொன்னால் தப்பாமல் எடுத்துக்கொடுத்த பிள்ளை நீ. ஆனால் ஜாக்கி விஷயம் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டு வாசல். தார் போட்டிருக்கிறது, ரோட்டைப் பார்த்துச் சரிந்தும் இருக்கிறது. அங்கே வண்டியைத் தூக்கவே வேண்டாம். நியூ ஜெர்சி என்றாலும் ஜூலை வெயிலில் தார் இளகும், தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் வைக்கிற இரும்பு ஸ்டாண்டின் கால் அதில் இறங்கும். கராஜில் அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளை மாப்பிள்ளையை விட்டு ஒதுக்கச் சொல். உள்ளே இருக்கும் காங்கிரீட் தரைதான் உனக்கு இடம்.

டிக்கியில் வண்டியோடு வந்த ஜாக்கி, நடுவழியில் ஸ்டெப்னி மாற்ற மட்டும். அடி குறுகல், லேசாகத் தள்ளினாலே சாயும். பாட்டில் ஜாக்கி லாரிக்கும் ஜீப்புக்கும் சரி, உன் வண்டியின் அடியில் அது நுழைவதே கஷ்டம். உனக்கு வேண்டியது தரையில் சக்கரத்தில் உருளும் டிராலி ஜாக்கி. அங்கே ஃப்ளோர் ஜாக் என்று விற்பார்கள்.

நீ பார்த்து வைத்திருக்கும் அந்தச் சின்ன 2 டன் ஜாக்கி வேண்டாம். எடை தாங்காது என்பதற்காகச் சொல்லவில்லை, உயரம் போதாது. ஜாக்கி வைக்கும் இடம் தரையிலிருந்து 9 அங்குலம் என்று அளந்து எழுதியிருந்தாய். தூக்க ஆரம்பித்ததும் சக்கரம் கிளம்பாது. அமுங்கியிருந்த ஸ்பிரிங் முதலில் நீளும், பாடி மட்டும் நாலைந்து அங்குலம் மேலே வரும், அப்புறம்தான் டயர் தரையை விடும். அந்தச் சின்ன ஜாக்கியின் பெட்டியில் அதிகபட்ச உயரம் 14 அங்குலம் என்று போட்டிருக்கிறது. டயர் தரையை விடும்போதே அது கடைசிக்கு வந்துவிடும், ஸ்டாண்டை நிதானமாக வைத்து எடுக்க இடமே இருக்காது. உடனே எல்லோரும் செய்வது, ஜாக்கித் தலைமேல் ஒரு மரத்துண்டை வைப்பது. அது வழுக்கும். 18, 20 அங்குலம் ஏறுகிற 3 டன் ஜாக்கியாக எடு. கனமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதே, கராஜை விட்டு அது எங்கே போகப்போகிறது?

இன்னொன்றையும் கவனி. டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போகாது, வளைந்து ஏறும். அந்த வளைவுக்கு ஈடாக ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உருள வேண்டும். ஒரு சின்னக் கல் சக்கரத்தில் மாட்டினாலும் ஜாக்கி நின்றுவிடும், தலை மட்டும் வண்டியின் அடியில் நகரும். தூக்கும் முன் தரையைப் பெருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது ஸ்டாண்ட். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும்போது ஒரு ஜோடி மலிவாகக் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். அதன் லேபிளைப் பார். 2020இல் உங்கள் ஊரில் ஹார்பர் ஃப்ரெய்ட் கடை, பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைச் சுமார் 17 லட்சம் திரும்பக் கேட்டது. உள்ளே இருக்கும் பல்லில் கொக்கி முழுதாக உட்காராமல், பாரம் நகர்ந்தால் நழுவிவிடும் என்று. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் கொஞ்சத்தில் வெல்டிங் சரியில்லை என்று அதே வருஷம் மறுபடியும் கூப்பிட்டார்கள். எல்லாமே திரும்பிப் போயிருக்குமா? லேபிள் கிழிந்த ஸ்டாண்டை வீட்டுக்குள்ளேயே விடாதே.

புதிதாக வாங்கு. என்னைக் கேட்டால் பல் வைத்ததைவிட, ஓட்டையில் இரும்பு ஊசி குத்தி நிறுத்துவதுதான் மேல். ஊசி உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பல் வைத்ததுதான் கிடைக்கிறது என்றால், அதிலும் காப்பாகக் குறுக்கே ஒரு ஊசி போடுகிற மாதிரி எடு. அந்த டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பார், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 6 டன் இன்னும் பலமாச்சே என்று அதற்கும் போகாதே. அதன் குறைந்த உயரமே 15, 16 அங்குலம் இருக்கும், உனக்கு அது தேவையில்லை. 3 டன் போதும்.

ஜாக்கியில் மிச்சம் பிடித்தாலும் ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1991இல், நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு அம்பாசிடருக்குப் பின்னால் ஜாக்கி போட்டு சைலன்சர் கிளாம்ப் முறுக்கிக்கொண்டிருந்தேன். அவசர வேலை, ஸ்டாண்ட் போடவில்லை. கழற்றிய சக்கரத்தைச் சேசிஸ் அடியில் தள்ளிவிட்டு உள்ளே போ என்று மேஸ்திரி கத்தினார். சலித்துக்கொண்டே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் காது பக்கத்தில் எண்ணெய் சொட்டும் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி இறங்கி அந்தச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது. என் நெஞ்சுக்கும், பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் நாலு விரல் இடம். ஜாக்கிக்குள்ளே கெட்டுப்போயிருந்தது ஒரு ரப்பர் சீல், என் சுண்டுவிரல் மோதிரம் அளவுகூட இல்லை. அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது. நீயும் சொல்லாதே.

அதனால் ஜாக்கி தூக்குவதோடு சரி, தாங்குவது ஸ்டாண்ட்தான். செங்கலோ ஹாலோ பிளாக்கோ வைக்கவே வைக்காதே, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை அண்டக் கொடு. பின்பக்கம் தூக்கும்போது இன்னும் ஜாக்கிரதை, ஹேண்ட் பிரேக் பிடிக்கிற சக்கரங்களே அந்தரத்தில் நிற்கும். வீல் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடு. எங்கே ஜாக்கி வைப்பது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் வைப்பதானால், நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேடு ஒன்று வாங்கிக்கொள், இல்லாவிட்டால் விளிம்பு மடங்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியை நன்றாக ஆட்டிப் பார். விழுவதானால் நீ வெளியே நிற்கும்போதே விழட்டும்.

ஆயில் மட்டும் மாற்றுவதென்றால் முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்துகிற சரிவு மேடை, அதாவது ரேம்ப், ஒரு ஜோடி போதும், ஜாக்கிகூட வேண்டாம். ஏற்றும்போது மாப்பிள்ளை பக்கத்தில் நின்று வழி சொல்லட்டும், முன்னால் நிற்க வேண்டாம்.

வாங்கியதும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை 9 மணி என்றால் எனக்குச் சாயங்காலம் 6.30. போனை டயர் பக்கத்தில் சாய்த்து வை, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் சரி என்று சொன்ன அப்புறம் உள்ளே போ, சாமி.

அன்புடன்,
அப்பா