படத்தின் பின்பக்கம் எங்கே? ஓர் ஆவணக் காப்பகத்துக்குத் திறந்த மடல்

பிரிட்டனில் உள்ள எங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகத் தலைவருக்கும், கவுன்சிலின் நூலகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கிப் பதில் எங்களிடம் இருக்கிறது. இப்போது தமிழில் எழுதக் காரணம், உங்கள் கவுண்டியில் வீடு வாங்கி, கவுன்சில் வரி கட்டி, தாங்கள் குடியிருக்கும் தெரு நூறு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று ராத்திரியில் உட்கார்ந்து தேடும் தமிழர்களும் விஷயத்தை அறியட்டும் என்பதுதான். உங்கள் காப்பகத்தில் உள்ள பழைய ஊர்ப் படங்கள் அவர்களுக்கும் சொந்தம்.

அந்தப் படங்களின் புதிய இணையப் பட்டியலைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விழா எடுத்துத் திறந்தவர்கள் நீங்கள். பழைய பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு கோப்புகள் இருந்தன. புதியதில் ஒன்றுதான். பின்பக்கங்களை எடுத்துவிட்டீர்கள், இனிமேல் ஸ்கேன் செய்வதாகவும் இல்லை என்று அறிவித்துவிட்டீர்கள். ‘பயன்பாட்டை எளிமையாக்க’ என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: நீக்கிய பின்பக்கங்களை மறுபடி ஏற்றுங்கள், மீதியுள்ளவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். அசல்கள் வெளியூர்க் கிடங்குக்கு லாரி ஏறுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று குழு உறுப்பினர்கள் நினைக்கக்கூடும். உங்கள் தொகுப்பிலேயே உள்ள ஒரு பட அஞ்சலட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு நகரத்தின் ஹை ஸ்ட்ரீட். தலைப்பு: ‘ஹை ஸ்ட்ரீட், சுமார் 1900’. இடப்பக்கம் ஒரு மதுக்கடை, அதன் வாசலில் ஒரு மோட்டார் கார், காரில் எண் பலகை. பிரிட்டனில் வண்டிகளுக்கு எண் பலகை கட்டாயமானது 1904 ஜனவரி 1 முதல். ஆக, உங்கள் தலைப்பு தவறு. வீதி முனையில் இன்று நிற்கும் முதல் உலகப் போர் நினைவுத்தூண் படத்தில் இல்லை. எனவே போருக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் அது எழுப்பப்படுவதற்கு முந்தைய படம். முன்பக்கம் மட்டும் இருந்தால் இதற்கு மேல் நகர முடியாது. பதினைந்து, பதினாறு ஆண்டு இடைவெளி அப்படியே நிற்கிறது.

இப்போது அட்டையைத் திருப்புங்கள். முகவரியும் செய்தியும் ஒரே பக்கத்தில், நடுவே கோடு: அப்படி எழுத பிரிட்டிஷ் தபால்துறை அனுமதித்தது 1902இல். பச்சை நிற அரை பென்னித் தபால்தலை: அஞ்சலட்டைக் கட்டணம் ஒரு பென்னியாக உயர்ந்தது 1918 ஜூனில், அதற்கு முந்தையது இது. தபால்தலையில் இருப்பவர் மன்னர் ஏழாம் எட்வர்டு; அவருக்குப் பின் வந்த ஐந்தாம் ஜார்ஜின் தபால்தலை 1911இல்தான் வந்தது. முத்திரையில் 1907 ஆகஸ்ட். முத்திரைத் தேதி படம் எடுத்த தேதி அல்ல. கடையில் அட்டை பல வருஷம் விற்றுக்கொண்டிருக்கும். ஆனால் மேல் எல்லை கிடைத்துவிட்டது: 1904க்குப் பின், 1907 ஆகஸ்டுக்கு முன். மூலையில் ஊதா மையில் படக்காரரின் ரப்பர் முத்திரை, கடை முகவரியோடு. ஊர்வாரியாகக் கடைக்காரர்களின் பெயரும் முகவரியும் தரும் கெல்லி வணிகக் கையேடுகளில் அந்த முகவரி எந்தப் பதிப்பில் வருகிறது, எதில் இல்லை என்று பார்த்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். கையேடுகள் பலவற்றை லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்ப்பது பத்து விநாடி வேலை. அதைத்தான் எங்களிடமிருந்து பிடுங்கியிருக்கிறீர்கள்.

அட்டையின் முன்பக்கத்தில் மாடி ஜன்னல் ஒன்றின் மேல் மையால் ஒரு சிறு பெருக்கல் குறி இருக்கிறது. அந்தக் காலத்தில் விடுமுறைக்குப் போனவர்கள் தாங்கள் தங்கிய அறையைக் காட்டப் போட்ட குறி அது. யார், எந்த வாரம், எதற்காகத் தங்கினார்கள் என்பது பின்பக்கச் செய்தியில் இருக்கும். புதிய பட்டியலில் அந்தக் குறிக்கு உங்கள் ஊழியர் தந்திருக்கும் விளக்கம்: ‘மேற்பரப்பில் சேதம்’.

முன்பக்கத்தையாவது முழுசாகக் காட்டுகிறீர்களா என்றால் அதுவும் இல்லை. தானாக ஓரம் வெட்டும் வசதியைப் போட்டு வெள்ளை ஓரத்தை நறுக்கியதில் கீழ் விளிம்பின் தலைப்பும் வரிசை எண்ணும் போய்விட்டன. டண்டியின் வாலன்டைன் நிறுவனமும், ரைகேட்டில் 1860இல் ஃபிரான்சிஸ் ஃபிரித் தொடங்கிய நிறுவனமும் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்களுக்கு எண் போட்டு வைத்தன. வாலன்டைன் தொகுப்பு இன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எண் தெரிந்தால் ஆண்டைத் தேடிப் பிடிக்கலாம். அந்த எண்ணை அழகுக்காக வெட்டியிருக்கிறீர்கள்.

அளவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். அஞ்சலட்டை ஐந்தரை அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம். அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 3300க்கு 2100 பிக்சல். நீங்கள் தருவது 800 பிக்சல் நீளம், அதாவது அங்குலத்துக்கு சுமார் 145. மதுக்கடை வாசலுக்கு மேலே உரிமம் பெற்றவரின் பெயரை எழுதி வைப்பது அந்நாளைய சட்டம்; அந்தப் பெயர் கிடைத்தால் கையேட்டில் ஆண்டு கிடைக்கும். அட்டையில் அந்த எழுத்தின் உயரம் அரை மில்லிமீட்டர் இருந்தால், 600இல் அது 12 பிக்சல். பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். உங்கள் கோப்பில் மூன்று பிக்சல்கூட இல்லை. போதாக்குறைக்கு வாட்டர்மார்க் சரியாக அந்தப் பலகையின் மேலேயே விழுகிறது. (அச்சுப் புள்ளிகளால் ஆன மலிவு அட்டைகளை எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிதான் தெரியும், உண்மைதான். உங்கள் தொகுப்பில் பாதிக்கு மேல் நேரடி புரோமைடு பிரதிகள், அதாவது ஒளிப்படத் தாளிலேயே எடுத்தவை. அவற்றில் செங்கல்லை எண்ணலாம்.)

மனிதர்கள் இருக்கும் படங்களில் நிலைமை இன்னும் மோசம். கென்டுக்கு ஹாப் (பீரில் சேர்க்கும் பூ) பறிக்கப் போன கிழக்கு லண்டன் குடும்பங்கள், ஞாயிற்றுப் பள்ளிச் சுற்றுலா, மதுக்கடை வாசலில் புறப்படத் தயாராக நிற்கும் சராபாங் என்ற திறந்த சுற்றுலா வண்டியில் முப்பது ஆண்கள். இவற்றின் பின்பக்கத்தில்தான் யாரோ ஒரு மகளோ பேத்தியோ பென்சிலால் எழுதி வைத்திருப்பார்: ‘பின்வரிசை, இடமிருந்து வலம்...’. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து ஏற்றிவிட்டோம், அது போதாதா என்கிறீர்கள். போதாது. கண்ணாடித் தட்டிலிருந்து (அந்தக் கால நெகட்டிவ்) எடுத்த உங்கள் கோப்புகளில் சில இடவலம் மாறி ஏறியிருக்கின்றன. மங்கலான பக்கம்தான் மருந்துப் பக்கம், பளபளப்பானது வெறும் கண்ணாடி என்று பார்க்காமல் வைத்ததால் வந்த வினை. தெருவானால் கடைப் பலகை காட்டிக்கொடுத்துவிடும். குழுப் படத்தில் காட்டிக்கொடுப்பது கோட்டுப் பொத்தான் மட்டுமே: ஆண்கள் கோட்டின் இடது மடிப்பு வலதின் மேல் வர வேண்டும். மாறிய படத்துக்கு நேரான பெயர்ப் பட்டியலைப் போட்டால் தாத்தாவின் பெயர் அடுத்த வீட்டுக்காரருக்குப் போகும். இன்னொன்று: பென்சிலில் அடித்துத் திருத்தியது, கேள்விக்குறி போட்டது, வேறொரு கை பின்னால் சேர்த்தது எதுவுமே தட்டச்சில் தெரியாது. எந்தப் பெயரை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்வது அந்த அழிப்புகள்தான்.

செலவு என்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். பின்பக்கத்துக்கு 600 வேண்டாம், 300 போதும். ஏ3 ஸ்கேனர் படுகையில் எட்டு அட்டை தாராளமாக வைக்கலாம். முன்பக்கம் முடிந்ததும் அதே வரிசையில் திருப்பி வைத்து இன்னொரு ஓட்டம். வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். ‘எழுத்து’ என்ற கறுப்பு வெள்ளை அமைப்பில் போட்டால் மங்கிய பென்சிலும் வெளுத்த ஊதா மையும் காணாமல் போகும். தானாக ஓரம் வெட்டுவதையும் தானாகப் பிரகாசம் கூட்டுவதையும் அணைத்துவிட வேண்டும். பென்சில் முழுக்க அழிந்து அழுத்தத் தடம் மட்டும் இருந்தால், விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து கேமராவில் ஒரு படம். கோப்புக்கு அந்தப் படத்தின் அதே பதிவு எண், கடைசியில் முன் பின் என்று ஒரு குறி. ஆல்பத்தில் ஒட்டியவற்றைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். பக்கத்தை முழுசாக, அடியில் எழுதியதோடு, ஒரே கோப்பாக எடுத்தால் போதும். ஒரு பின்பக்கம் ஜேபெக்கில் அரை எம்பி அளவுதான் வரும். ஆயிரத்துக்கு அரை ஜிபி. உங்கள் திறப்பு விழா வீடியோ அதைவிடப் பெரிது.

அடுத்த காரணம், தனிநபர் தகவல் பாதுகாப்பு. பின்பக்கத்தில் முகவரி இருக்கிறதாம். பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது. 1907இல் அட்டை பெற்ற அம்மையார் புகார் கொடுக்க வரப்போவதில்லை. 1970களின் படங்களில் முகவரி வரியை மட்டும் மறையுங்கள், ஆட்சேபம் இல்லை.

பின்பக்கத்துக்கு இல்லாத பணம் வண்ணம் பூசுவதற்கு எப்படி வந்தது என்பதும் புரியவில்லை. செயற்கை நுண்ணறிவால் வண்ணமேற்றிய படங்களை வாரந்தோறும் சமூக ஊடகத்தில் போடுகிறீர்கள். அந்தக் காலத்துச் சாதாரணத் தட்டு நீலத்தைத்தான் நன்றாக உணரும்; சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் வானம் வெள்ளையாகவும் தபால்பெட்டி கிட்டத்தட்டக் கறுப்பாகவும் விழுந்தன. தட்டில் பதியாத வண்ணத்தை எந்த மென்பொருளும் திரும்ப எடுக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். போன மாதம் நீங்கள் போட்ட படத்தில் தபால்பெட்டி கரும்பச்சை. கூர்மையாக்குகிறேன் என்று கடைப் பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளை வேறு எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் ‘இது எந்தக் கடை?’ என்று கேட்டு வருகிறார்கள்.

வாட்டர்மார்க் உரிமை கோருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்புரிமை தீர்ந்த தட்டையான படத்தை அப்படியே நகலெடுப்பதால் புதிய காப்புரிமை பிறக்காது என்ற கருத்து, 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அசல் தன்மையைப் பற்றிச் சொன்ன தீர்ப்புக்குப் பின் இன்னும் வலுத்துவிட்டது. உங்கள் கட்டணப் பட்டியல் அதற்கு முந்தையதுபோல் இருக்கிறது. இடப் பெயர்ப் பட்டியலும் அப்படியே: 1974 எல்லை மாற்றத்துக்கு முன் ஆபிங்டன் பெர்க்ஷயரில் இருந்தது, பின்பக்கங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும்; உங்கள் தேடுபெட்டி இன்றைய கவுண்டியை மட்டும் ஏற்கும். சரி, இவற்றை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறோம்.

பர்மிங்காம் நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் ஸ்டோன் 1897இல் தேசிய ஒளிப்படப் பதிவுச் சங்கத்தைத் தொடங்கியபோதே படத்தோடு இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் சேர்ந்து போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 2012இல் ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் விமானத்திலிருந்து எடுத்த படங்களை இணையத்தில் திறந்தபோது, எந்த ஊர் என்றே தெரியாதிருந்த படங்களைப் பொதுமக்கள் அடையாளம் காட்டினார்கள். பெரிய கோப்பைக் கொடுத்து, குறிப்பெழுத இடமும் கொடுத்ததால் நடந்தது அது. டெர்பிஷயரில் லேடிபவர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய டெர்வென்ட் கிராமத்தில், மிச்சமாக நின்ற தேவாலயக் கோபுரத்தையும் 1947 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு எந்த வீடு யாருடையது என்பதை, படத்துக்குப் பின்னால் எழுதியிருப்பதை விட்டால் வேறெங்கே போய்க் கேட்பது? உங்கள் கவுண்டியிலும் அணைக்கும் விமான ஓடுபாதைக்கும் போன குடியிருப்புகள் உண்டு. அந்தப் பெட்டிகள் எவை என்று உங்கள் ஊழியர்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். முதலாவது, பழைய பட்டியலில் இருந்த பின்பக்கக் கோப்புகள் அழிக்கப்படவில்லை என்று எழுத்தில் உறுதி தாருங்கள். இருந்தால் அப்படியே மீண்டும் ஏற்றுங்கள், புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். அடுத்தது, ஸ்கேன் ஆகாத பின்பக்கங்களை முடிக்கும்வரை கிடங்கு மாற்றத்தைத் தள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் தள்ள முடியாது என்றால் பட அஞ்சலட்டைப் பெட்டிகளையும் குழுப் படங்களையும் மட்டுமாவது வாசிப்பறையில் நிறுத்தி வையுங்கள். கிடங்கிலிருந்து ஒவ்வொரு அட்டையாக வரவழைத்துத் திருப்பிப் பார்க்க ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு.

ஆள் இல்லை என்பது பதிலானால், கையுறையும் பயிற்சியும் நீங்கள் கொடுங்கள். செவ்வாயும் வியாழனும் உட்கார எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தப் படங்களை உங்களுக்குக் கொடுத்தவர்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உள்ளூர் வரலாற்றுத் தன்னார்வலர்கள்