ஓராண்டு தாங்குமா என்று பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் தொண்டு நிறுவனங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, எத்தனை தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள் என்பதை வைத்தே அவற்றை எடைபோட்டிருக்கிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு தாண்டியும் அதே பிள்ளையோடு இருக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவரை வழிகாட்டியாகச் சேர்த்துவைக்கும் அமைப்பு, 1904இல் நியூயார்க்கில் வேர்விட்ட 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்'. அதை 1995இல் ஆராய்ந்தார்கள். 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகள். பாதிக்கு மேல் சிறுபான்மையினர். வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப் பொருளைத் தொடத் தொடங்குவது 46 சதவீதம் குறைந்தது. மாதம் மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் கூடவே இருந்ததன் பலன் அது. ஆனால் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வைக் கட்டுரையாளர் அவசியம் படிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்துபோனது. ஏற்கெனவே பலர் விட்டுப்போன வீட்டுப் பிள்ளைக்கு இன்னொருவரும் விட்டுப்போனார் என்பதுதான் மிச்சம்.

ஏன் முறிகிறது? முதல் சில வாரங்கள் பையன் வாய் திறக்க மாட்டான். நம்மைப் பிடிக்கவில்லை போலும் என்று வழிகாட்டி ஒதுங்கிவிடுவார். அந்த நேரத்தில் தொண்டு நிறுவன அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்திருந்தால் போதும். சேர்க்கும் முன் குறைந்தது இரண்டு மணி நேரப் பயிற்சி, முதல் மாதத்தில் இரண்டு முறையும் பிறகு மாதம் ஒரு முறையும் இரு தரப்பையும் விசாரிப்பது என்று இத்துறைக்கு எழுதிவைத்த நெறிமுறையே இருக்கிறது. அதைச் செய்ய ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் வேண்டும். பைகளுக்கும் டி-ஷர்ட்டுகளுக்கும் பணம் தருகிற நன்கொடையாளர்கள் இதற்குத் தரத் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம்தான் பெரிய கேடு.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சிகாகோவில் பள்ளிப் பையன்களுக்கு நடத்தும் 'பிகமிங் எ மேன்' நிகழ்ச்சி சாட்சி. அங்கே பள்ளி நேரத்திலேயே, வாரம் ஒரு மணி நேரம், பதினைந்து பேருக்கு மிகாத குழு. ஒரு பாடவேளையிலிருந்து தப்பிக்கலாம் என்பதற்காகவே பையன்கள் வருவார்கள், வரட்டும். ஜோடி ஜோடியாக நிறுத்தி, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, 30 நொடிக்குள் அதை வாங்கு என்று மற்றவனிடம் சொல்வார்கள். இழுப்பார்கள், முறுக்குவார்கள், கட்டிப் புரளுவார்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: "கொடு என்று யாராவது கேட்டீர்களா?" கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று மற்றவனிடம் கேட்டால், "அது வெறும் பந்துதானே" என்கிற மாதிரி பதில் வரும். கோபத்துக்கு முன் ஒரு நொடி நிற்கப் பழக்குவதுதான் பாடம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளில், நிகழ்ச்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. நிகழ்ச்சி நின்றபின் கைதுகளில் அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஓராண்டு மானியத்தோடு கைகழுவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கறுப்பின ஆண் வழிகாட்டிகள் போதாததால் பையன்கள் காத்திருப்புப் பட்டியலில் தேங்குகிறார்கள். 1963இல் நியூயார்க்கில் தோன்றிய கறுப்பின ஆண்களின் அமைப்பான 'ஹண்ட்ரட் பிளாக் மென்' போலக் குழுவாக வழிகாட்டுவது அதற்கு நல்ல மாற்று.

அங்கே வாழும் நம்மவர்களும் இதில் சேர விரும்புகிறார்கள். விசாவோ வேலையோ ஓராண்டுக்குள் ஊர் மாற்றும் என்றால் தனிப் பிள்ளையைப் பொறுப்பேற்காதீர்கள். கணக்குச் சொல்லித்தரலாம், கல்லூரி உதவித்தொகைப் படிவம் நிரப்ப உதவலாம். அதற்கும் ஆள் இல்லை. ஏற்றபின் விலக நேர்ந்தால் பிள்ளையிடம் முன்கூட்டியே நேரில் சொல்லி, கடைசிச் சந்திப்பு எந்த நாள் என்று இருவருமாக முடிவு செய்யுங்கள். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கூப்பிட வேண்டும், முடியாதென்றால் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிகாகோ