'சர்வர் டவுன்'னு சொல்றதுக்கு முன்னாடி ரவுட்டர்ல அந்த ஒத்த வரிய படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பக்கத்துல எந்த ஆபீசுக்கு போனாலும் 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க'ன்னு திருப்பி அனுப்புறாங்கன்னு வாசகர்கள் எழுதுறத அடிக்கடி பாக்குறேன், அந்த கோபம் நியாயமானதுதான். ஆனா கடலூர் பாண்டிச்சேரி வட்டாரத்துல ரவுட்டர், லீஸ்டு லைன் (ஆபீசுக்கு ஆபீஸ் வாடகைக்கு எடுக்குற தனி லைன்) வேலையே பாக்குறவன்ங்கிற முறையில சொல்றேன், நான் போய் பாத்த இடங்கள்ல முக்காவாசி சர்வர் பாட்டுக்கு ஓடிட்டுதான் இருந்துச்சு, கிளை ஆபீஸ் ரவுட்டருக்கும் மெயின் ஆபீஸ் ரவுட்டருக்கும் நடுவுல இருக்குற லிங்க்தான் விழுந்து கெடந்துச்சு. எங்க விழுந்துச்சுன்னு பாக்க பெரிய படிப்பெல்லாம் தேவையில்ல, பாக்க ஆள் இல்லாததாலதான் ஜனங்க அலையுறாங்க.

போன மழை சீசன்ல திருப்பாப்புலியூர்ல ஒரு கிளை ஆபீஸ்ல நடந்தத சொல்றேன், எந்த ஆபீஸ்னு வேணாம். பாண்டிச்சேரில இருக்குற மெயின் ஆபீசுக்கு பழைய சீரியல் லிங்க், அதாவது மோடம், லீஸ்டு லைன் வழியா ரெண்டு ரவுட்டரையும் கோக்குற பழைய முறை. இடி இடிச்சதுல ரவுட்டர் போச்சு, வேற கம்பெனி ரவுட்டர் ஒன்ன கொண்டாந்து மாட்டுனாங்க, லிங்க் வரல. லைன்காரங்க டெஸ்டர் வச்சு பாத்துட்டு எங்க லைன் கிளியர்னு போயிட்டாங்க, ரவுட்டர் சப்ளை பண்ணவங்க எங்க பொட்டி நல்லா இருக்குன்னாங்க, மெயின் ஆபீஸ்ல கேட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னாங்க. வெளிய பெஞ்சுல வயசானவங்க பாஸ்புக்க மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கவுண்டர்ல இருந்த பொண்ணுக்கு தெரியல.

ரவுட்டர்ல 'ஷோ இன்டர்ஃபேஸ்' கமாண்ட் கொடுத்து பாத்தா முதல் வரியிலயே இருக்கு, 'சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன்'. அந்த வரியில ரெண்டு தகவல் இருக்கு. முதல்ல வர்ற அப் டவுன் கம்பி, மோடம், அதுல வர்ற சிக்னல் பத்தினது. ரெண்டாவது, ரெண்டு ரவுட்டரும் ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சு பேசுதாங்கிறது. அப்படின்னா லைன்காரர் சொன்னது உண்மை, லைன் நல்லாத்தான் இருக்கு. ரவுட்டர்காரர் சொன்னதும் உண்மை, பொட்டி நல்லாத்தான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற செட்டிங்க யாரும் தன் வேலைன்னு எடுத்துக்கல, அதான் விஷயம்.

சிஸ்கோ கம்பெனி ரவுட்டர் சீரியல் போர்ட்ல நாம ஒன்னும் சொல்லலைன்னா ஹெச்டிஎல்சின்னு ஒரு முறையில பேசும், அது சிஸ்கோவோட சொந்த வகை, மத்த கம்பெனி பொட்டிங்க பலதும் தானா பிபிபின்னு இன்னொரு முறையில நிக்கும். இப்படி எந்த முறையில பேசணுங்கிற செட்டிங்குக்கு பேர்தான் என்கேப்சுலேஷன். பிபிபி 1994லயே ஆர்எஃப்சி 1661ங்கிற இன்டர்நெட் தர ஆவணத்துல எல்லா கம்பெனிக்கும் பொதுவா எழுதி வச்சது, அதனால வேற வேற கம்பெனி பொட்டிங்க எதிரெதிர இருந்தா ரெண்டு பக்கமும் பிபிபி வச்சுடறதுதான் நல்லது. அந்த கிளை ஆபீஸ்ல அப்படி மாத்தின பிறகும் லிங்க் எழும்பல, ஏன்னா சாப்னு பாஸ்வேர்ட் சோதனை ஒன்னு இருக்கு, அதுல எதிர் ரவுட்டரோட பேரயும் பாஸ்வேர்டையும் இங்க எழுதி வச்சிருக்கணும். புது ரவுட்டருக்கு புதுப்பேர் வச்சுட்டாங்க, மெயின் ஆபீஸ்ல இன்னும் பழைய பேர்தான் இருக்கு. அத திருத்தின உடனே ரெண்டும் அப் ஆச்சு. கம்பிய யாரும் தொடவே இல்ல.

இதே ரெண்டும் டவுன்னு காட்டினா கதை வேற. அப்ப கேபிள், மோடம் கரண்டு, லைன்னு வரிசையா பாக்கணும், லைன்காரங்களுக்கு தாராளமா கம்ப்ளெய்ண்ட் போடலாம். ஓ.டி. (கடலூர் ஓல்டு டவுன்) பக்கம் உப்புக்காத்துல, ரவுட்டரையும் மோடத்தையும் கோக்குற வி.35 கேபிள் கனெக்டர கழட்டி பாத்தா பின்னுல பச்சையா பூத்திருக்கும், லேசா அசைச்சா லிங்க் வரும் போகும், ரவுட்டர்ல கேரியர் டிரான்சிஷன்னு, சிக்னல் எத்தன தடவை வந்து போச்சுன்னு காட்டுற ஒரு எண் ஏறிக்கிட்டே இருக்கும், அதான் அடையாளம். 2011 டிசம்பர் 30 தானே புயல் மாதிரி நேரத்துல கம்பமே சாஞ்சு கெடக்கும், அதுக்கு ரவுட்டர நோண்டி பிரயோஜனம் இல்ல. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்'னு வந்தா யாரோ போர்ட்ட ஷட்டவுன் பண்ணி வச்சிருக்காங்க, 'நோ ஷட்டவுன்' கொடுத்தா போதும்.

ரெண்டும் அப்னு இருந்து பக்கத்துல 'லூப்டு'ன்னு ஒரு வார்த்தை இருந்தா அத விட்டுடாதீங்க. லைன் டெஸ்ட் பண்ண வர்றவங்க மோடம்ல லூப் போட்டு பாப்பாங்க, எடுக்க மறந்துட்டு போயிடறது உண்டு, அப்ப நம்ம ரவுட்டர் அனுப்புனதே நமக்கு திரும்பி வரும், லைட்டெல்லாம் பச்சையா எரியும், ஒரு வேலையும் நடக்காது. அதே மாதிரி லிங்க் இருக்கு ஆனா ஆமை வேகம்னா சிஆர்சி எர்ரர, அதாவது வழியில சிதைஞ்சு வந்த டேட்டாவோட கணக்க பாருங்க. பழைய கணக்க கிளியர் பண்ணிட்டு பெரிய பாக்கெட்டா பிங் (எதிர் முனை பதில் தருதான்னு பாக்குற கமாண்ட்) விட்டு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கவனிக்கணும், எந்தப் பக்கம் எண் ஏறுதோ அந்தப் பக்கத்துக்கு வர்ற திசையிலதான் கோளாறு. இத எழுதி கொடுத்தா லைன்காரங்க கிளியர்னு சொல்லிட்டு போக முடியாது.

காலேஜ் ஆசிரியர்களுக்கும் ஒன்னு. லேப்ல ரெண்டு ரவுட்டர கேபிள்ல நேரா கோத்து, டிசிஇ பக்கம் (கிளாக் கொடுக்குற முனை) 'கிளாக் ரேட் 64000' அடிக்க சொல்லி கொடுக்குறீங்க, சரிதான். பஜனையில தாளம் போட ஒருத்தர் வேணும்ல, அந்த மாதிரி ஒரு முனை கிளாக் கொடுக்கணும். ஆனா நிஜ லீஸ்டு லைன்ல வழக்கமா ரெண்டு ரவுட்டரும் டிடிஇ (கிளாக் வாங்குற முனை), கிளாக் மோடம் வழியா லைன்ல இருந்து வரும், புதுசா வர்ற பசங்க அங்கயும் கிளாக் ரேட் அடிச்சு பாத்துட்டு எர்ரர் வந்தா திகைச்சு நிக்குறாங்க. 'ஷோ கன்ட்ரோலர்ஸ்' அடிச்சா நம்ம பக்கம் எந்த கேபிள்னு ரவுட்டரே சொல்லும், அத பாக்க பழக்குங்க. 2020ல வந்த சிஸ்கோவோட புது சிசிஎன்ஏ சான்றிதழ் பரீட்சையில பிபிபி பாடமே கிடையாது, ஃபைபர் வந்த காலத்துக்கு அது சரியா இருக்கலாம், ஆனா நம்ம ஊர் பழைய ஆபீஸ் ரேக்ல இந்த கேபிள் இன்னும் தொங்குதே. ஓடுற லிங்க் ஒன்ன ஆசிரியரே நாலு விதமா கெடுத்து வச்சு, ஒரு தடவை என்கேப்சுலேஷன், ஒரு தடவை பாஸ்வேர்ட், ஒரு தடவை ஐபி, ஒரு தடவை கேபிள்னு, பசங்கள கண்டுபிடிக்க விடுங்க.

ஆபீஸ் மேனேஜர்கள கேட்டுக்கிறது இதுதான். ரவுட்டர் மேலயே ஒரு தாள் ஒட்டுங்க, அதுல லைன் நம்பர், புகார் போன் நம்பர், ரெண்டு முனையிலயும் என்ன என்கேப்சுலேஷன், ரெண்டு ரவுட்டரோட பேர், ஐபி எல்லாம் இருக்கட்டும், பாஸ்வேர்ட மட்டும் அதுல எழுதாதீங்க. ஸ்டாஃப்ல ஒருத்தருக்காவது அந்த முதல் வரிய படிக்க சொல்லிக்கொடுங்க, புகார் பண்றப்போ 'நெட் வரல'ன்னு சொல்லாம அந்த வரிய அப்படியே சொல்ல வைங்க. பராமரிப்பு கான்ட்ராக்ட் போடுறப்போ லிங்க் விழுந்தா ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல ஆள் இருந்து பாக்கணும்னு ஒரு ஷரத்து சேருங்க, ஏன்னா ஒரு முனையில இருந்துக்கிட்டு அந்த லிங்க் வழியாவே எதிர் முனை செட்டிங்க மாத்தப் போனா பாதியில அறுந்துடும். வடகிழக்கு மழை அக்டோபர்ல ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள இத செஞ்சுடுங்க.

இப்படிக்கு,
நெட்வொர்க் பணியில் இருக்கும் ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.