மட்டக்களப்புப் படமாளிகை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கு,

வணக்கம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து உங்கள் படமாளிகைகளில் டிக்கெட் எடுத்து வருபவன் எழுதுகிறேன். பெரிய நடிகர்களின் படங்களைக் கைவிடுங்கள் என்று கேட்கவில்லை. முதல் நாள் வரிசையில் நானும் நிற்பவன்தான். பெரிய கூட்டம் சேராத நல்ல படங்களுக்காக மாதத்தில் ஒரேயொரு காட்சி கேட்கிறேன்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடப் போகிறோம். அந்த மாமாங்கக் கோயில் இருக்கும் அமிர்தகழியில்தான் இயக்குநர் பாலு மகேந்திரா பிறந்தார் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அவர் பெயரைச் சொன்னால் ‘மூன்றாம் பிறை’யைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் 1988இல் வந்த ‘வீடு’தான் அவருடைய உச்சம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டை விட்டு எழும்ப வேண்டி வந்த ஒரு பெண், கையிலிருக்கும் காணித்துண்டில் சின்னதாக ஒரு வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் வீடு இரண்டு வருடம் அத்திவாரத்தோடு நின்றது. கம்பிகள் துருப்பிடித்து, மழைத் தண்ணீரில் செம்மண் நிறமாக வழியும். ஒருநாள் இரவு சின்னத் தொலைக்காட்சியில் ‘வீடு’ போட்டேன். சீமெந்து களவு போகும் இடம் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்து நின்றார். அரைகுறையாக எழும்பிய வீட்டைத் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பார்க்கும் காட்சி முடியும் வரை அம்மா உட்காரவே இல்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது. இந்தப் படத்தை எங்கள் ஊர்ப் பெரிய திரையில் அம்மா பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே ஆசைப்பட்டேன்.

புதிய படங்களிலும் இந்த வழியில் வருபவை உண்டு. பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் (2024) பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ இரைச்சலும் சுற்றியிருக்கும் ஓசைகளும்தான் இசை. அதைக் கைபேசியில் பார்த்தேன், பாதிப் படத்தை இழந்தேன். அதே ஆண்டு வந்த ‘மெய்யழகன்’ எனக்கு மிகவும் பிடித்தது. பிறந்த வீட்டை விட்டுப் போனவனின் வலி நமக்குப் புதிதா? வெளியான பிறகு 18 நிமிடத்தை வெட்டினார்கள், வெட்டியிருக்கவே கூடாது. நம் நாட்டிலேயே தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் தமிழில் எடுத்த ‘பொன்மணி’ இருக்கிறது. அதையும் எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

உங்கள் கஷ்டமும் தெரியும். சென்ற வருடம் ஒரு சின்னப் படத்துக்குப் போனேன். ஏழு பேர்தான் வந்திருந்தோம். காட்சியை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். மின்கட்டணத்துக்கே காணாத காட்சியை ஓட்டச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே கூட்டம் குறைந்த ஒரு வாரநாள் காலைக் காட்சியைத் தாருங்கள். ஆட்களைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. டிக்கெட் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். கல்லடியில் அழகியற் கற்கை மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் நானே போய்க் கேட்கிறேன். படத்தின் உரிமையும் நல்ல பிரதியும் பெறுவதில் மட்டும் உங்கள் உதவி வேண்டும். அது எங்களைப் போன்ற தனியாட்களுக்கு எளிதில் ஆகாது.

பாலு மகேந்திரா மறைந்தது 2014 பெப்ரவரி 13. வரும் பெப்ரவரி 13இல் ‘வீடு’ படத்தோடு தொடங்குவோமா? சம்மதமென்றால் சொல்லியனுப்புங்கள். முதல் டிக்கெட் அம்மாவுக்கு.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் ரசிகன்