உன் ஹம்பிப் பை பிராக் போய் வந்த கதை

கும்பகோணம்
14.06.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோம், இதில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நானும் கணக்கு டீச்சரும் செக் நாட்டில் பிராக் சுற்றிப் பார்க்கப் போனபோது அங்கிருந்து நான் உன்னிடம் போனில் சொன்னதில் பாதி பொய். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, எழுதத்தான் வரும். படித்தவுடன் போன் பண்ணிக் கத்தாதே. இரண்டு நாள் கழித்துக் கத்து.

முதல் பொய், ஓட்டல். ‘கணக்கு டீச்சர் மகன் ஓட்டல் புக் பண்ணிவிட்டான்’ என்று உன்னிடம் சொன்னேன். ‘தமிழம்மா பொண்ணு பண்ணிட்டா’ என்று டீச்சர் பெர்லினில் அவனிடம் சொல்லிவிட்டார். தங்கியது ஹாஸ்டல். எட்டுப் பெண்கள் படுக்கும் அறை, ரயில் பெட்டி மாதிரி கீழே ஒன்று மேலே ஒன்று. எனக்கு 61, டீச்சருக்கு 63. எங்களுக்கு விழுந்தது இரண்டும் மேல் படுக்கை. டீச்சர் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். கீழே படுத்திருந்த இரண்டு கொரியப் பெண்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையணையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார்கள். நம் ரயிலில் லோயர் பெர்த்துக்கு எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன்!

கொண்டுபோனது உன் நீலப் பை. காலேஜ் கடைசி வருஷம் ஹம்பிக்கு என்று வாங்கினாயே, அது. ஜெர்மனியில் உன் டிரெஸ்டன் வீட்டு அலமாரி அடித்தட்டில் கிடந்ததை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். டீச்சர் சக்கரப் பெட்டிதான் வேண்டும் என்று இழுத்து வந்தார். பிராக்கில் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் கல், வெள்ளையும் கறுப்புமாகக் கோலம் போட்ட மாதிரி பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, சக்கரத்துக்கு எமன். ஸ்டேஷனைத் தாண்டி ஒரு தெரு போவதற்குள் ஒரு சக்கரம் கழன்று ஓடியது. ஹாஸ்டலில் பெட்டியைக் கவிழ்த்து வேண்டியதை மட்டும் உன் பைக்கு மாற்றினோம். அப்புறம் நாலு நாளும் ஒரே பை, ஒரு வேளை அவர் முதுகு, ஒரு வேளை என் முதுகு.

அன்று ராத்திரி தைலம் தேடி அந்தப் பையின் உள் ஜிப்பில் கை விட்டபோது ஒரு பொட்டலம் அகப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது பொய், ஏழு மணிக்கு எழுந்தோம் என்றது. விடியற்காலை ஐந்தரைக்கு நாங்கள் சார்லஸ் பாலத்தில் நின்றோம். லொக்கேஷன் தெரியவில்லையே என்று கேட்டாயே, சார்ஜ் போனதால் இல்லை, நான்தான் அணைத்து வைத்தேன். பகலில் அந்தப் பாலத்தில் மகாமகக் கூட்டம். விடியலில் நாங்கள், ஒரு கல்யாண ஜோடி, அவர்களைப் படம் எடுக்க வந்த ஆள், ஆற்றில் அன்னங்கள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது டீச்சர். நான்காம் சார்லஸ் ராஜா பாலத்துக்குக் கல் நாட்டியது 1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிஷம் என்று சொல்கிறார்கள். வரிசையாக எழுதிப் பார்: 1 3 5 7 9 7 5 3 1. இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்று, ‘விகடகவி’ மாதிரி. ஜோசியர்களை வைத்துக் குறித்த முகூர்த்தமாம். எல்லாமே ஒற்றைப்படை, மொய் எழுதுகிற கணக்கு. டீச்சர் டிராம் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சரிபார்த்துவிட்டு, “நிமிஷம் காட்டுற கடிகாரம் அன்னைக்கு ஏது டீச்சர்?” என்றார். “நாழிகைக் கணக்கைப் பின்னால வந்தவங்க மாத்தியிருப்பாங்க, விடுங்க டீச்சர்” என்றேன். விடவில்லை. நாலு நாளும் அதே சந்தேகம்தான்.

சாந்தில் முட்டை கலந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நாடு முழுக்க முட்டை அனுப்பச் சொன்னபோது ஒரு ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாது என்று வேகவைத்து அனுப்பினார்களாம். செட்டிநாட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக் கரு பூசிய ஊரிலிருந்து போன எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேகவைத்த ஆளைத்தான் பார்க்க ஆசையாக இருந்தது. பாலம் அரை கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 30 சிலைத் தொகுதிகள், பெரும்பாலும் நகல்தான். 1890 வெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டினார்கள். கீழே ஓடும் வல்தாவா வடக்கே போய் எல்பேயில் கலந்து உன் ஊருக்கு வருகிறது. ரயிலில் வரும்போது ஜன்னலோரம் கூடவே வந்த ஆறு அதுதான். மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வர எத்தனை நாள் என்று ஜூன் மாதம் எண்ணுகிற ஊர் நம் ஊர். எனக்கு உடனே அந்தக் கணக்குதான் ஓடியது.

சிலைகளில் நெபோமுக் ஜான் என்ற பாதிரியார் ஒருவர். பாவமன்னிப்பில் ராணி சொன்ன ரகசியத்தை ராஜாவிடம் சொல்ல மறுத்ததால் 1393இல் இந்த ஆற்றில் தூக்கிப் போட்டார்கள் என்பது கதை. அவர் பீடத்து வெண்கலத் தகடு தொட்டுத் தொட்டுப் பளபளக்கிறது, நம் கோயில் குதிரைக் காது மாதிரி. ரகசியம் காத்தவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அன்று மாலை உன்னிடம் ஏழு மணிக்கு எழுந்த கதையைச் சொன்னேன்.

அபராதம் கட்டினோம், அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் விட்டு முத்திரை குத்த வேண்டும். குத்தினால் டிக்கெட் தீர்ந்துவிடும் என்று டீச்சர் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்தார். பரிசோதகர் வந்தார். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் பிட்டுப் பிடித்தவர் பிட்டோடு பிடிபட்ட பையன் மாதிரி நின்றார். அன்றைய சாப்பாட்டுக் காசு போயிற்று.

கோட்டைக்கும் போனோம். பெரியது. கூட்டம். கால்வலி. 1410இலிருந்து ஓடும் கடிகாரத்தின் கீழே எல்லோரும் மணி அடிக்கும்போது வரும் பொம்மைகளைப் படம் எடுத்தார்கள். டீச்சரோ அதிலுள்ள ராசி வளையத்தில் மேஷம் ரிஷபம் எங்கே என்று எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார். சாப்பாட்டுக்குக் குறையில்லை. உருளைக்கிழங்கைத் துருவிப் பூண்டு போட்டுத் தட்டி ஒன்று சுடுகிறார்கள், நம் அடைக்குத் தங்கை. கசகசாவை அரைத்து இனிப்பாக நடுவில் வைத்த ரொட்டி ஒன்று, அதை மட்டும் மூன்று நாள் காலையில் தின்றோம். தெருவுக்குத் தெரு உருளையில் மாவு சுற்றிச் சுடுகிற ஒன்றைப் பழங்கால உணவு என்று எழுதி விற்கிறார்கள். அதெல்லாம் டூரிஸ்ட்டுக்காக வந்தது என்று ஹாஸ்டல் பெண் சிரித்தாள்.

பிராக் என்று நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் தெரியுமா? வியன்னா போகலாமே என்றாய். எம்.ஏ. படிக்கும்போது எங்கள் பேராசிரியர் ஒருவர், சங்கப் பாட்டு மனப்பாடம் வராத நாளெல்லாம், “செக்கோஸ்லோவாக்கியாவில பொறந்தவரு படிக்கிறாரு, உங்களுக்கென்ன?” என்று திட்டுவார். கமில் சுவெலபிலைத்தான் சொல்வார். 1927இல் பிராக்கில் பிறந்து, அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். 1968இல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. கடைசியில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்து 2009இல் காலமானார். தமிழ் நடந்த கலைப் புலத்து வாசலையாவது பார்க்கலாம் என்று போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது.

பூட்டிய கட்டடத்துச் சுவரில் ஒரு பையனின் முகம், செத்த பிறகு எடுத்த அச்சு. யான் பாலாக். அந்தப் புலத்தில் படித்தவன். டாங்கிகள் வந்ததற்கு எல்லோரும் பழகிப்போய்விடக் கூடாது என்று 1969 ஜனவரி 16ஆம் தேதி வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீ வைத்துக்கொண்டான். மூன்று நாள் உயிர் இருந்தது. வயது 20. புலத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கே அவன் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் தேடிப் போன எனக்கு அங்கே தமிழ் எதுவும் ஞாபகம் வரவில்லை. டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு, “இருபது வயசு. நம்ம கிளாஸ்ல இருந்து போயி மூணு வருஷம்தான் ஆயிருக்கும்” என்றார்.

கடைசி நாள் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷன் போய்விட்டோம். ரயிலுக்கு எப்போதும் இப்படித்தான் என்று நீ கேலி செய்வாய். முதல் பிளாட்பாரத்தில் ஒரு சிலை. கண்ணாடி போட்ட ஒருவர், தோளில் ஒரு சின்னப் பையன், பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பெட்டி. நிக்கோலஸ் விண்டன், லண்டனில் பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். 1938 கடைசியில் இங்கே வந்தவர், ஜெர்மானியரிடமிருந்து தப்ப வழி தேடிக்கொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்தார். கூட வேறு சிலரும் பாடுபட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் யூதக் குழந்தைகள், 669 பேர், இந்த ஊரிலிருந்து ரயிலேறி இங்கிலாந்து போனார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே ஒரு வீடு பார்க்க வேண்டும், 50 பவுண்டு ஜாமீன் கட்ட வேண்டும். பெற்றோருக்கு அனுமதி இல்லை. 250 பிள்ளைகளோடு கடைசி ரயில் கிளம்ப இருந்த நாள் 1939 செப்டம்பர் 1. அன்றுதான் போர் தொடங்கியது. ரயில் போகவில்லை. அந்தப் பிள்ளைகளில் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை என்கிறார்கள். அந்த மனிதரோ ஐம்பது வருஷம் இதைப் பற்றி வெளியே பேசவில்லை. 106 வயது வரை இருந்தார்.

அதே ஸ்டேஷனில் இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள், 2017இல் வைத்தது. பழைய ரயில் பெட்டிக் கதவு மாதிரி செய்த ஒன்று. அதன் கண்ணாடியில் கைகள். ஒரு பக்கம் பிள்ளைகளின் கை, மறுபக்கம் பெற்றவர்கள் கை. சின்ன உள்ளங்கை ஒன்றின் மேல் என் கையை வைத்தேன். குளிர்ந்தது.

2018இல் சென்னை ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு வெளியே நானும் அப்பாவும் நின்றது நினைவுக்கு வந்தது. நீ திரும்பிப் பார்க்காமல் போனாய் என்று ஆறு வருஷமாக மனசில் ஒரு முள். சே, இதையும் அதையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா? நீ சம்பளத்துக்குப் போனாய், போய்ச் சேர்ந்ததும் ‘இங்கே கருவேப்பிலை கிடைக்கிறது’ என்று மெசேஜ் போட்டாய். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கை அங்கேயே இருந்தது. டீச்சர் என் தோளிலிருந்து பையைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது பொட்டலம். சுவாமிமலை விபூதி. நீ கிளம்புகிற அன்று உனக்குத் தெரியாமல் பையின் உள் ஜிப்பில் வைத்தேன். காகிதத்தின் மேல் என் கையெழுத்தில் ‘தினமும் இட்டுக்கொள்’. ஆறு வருஷம் பிரிக்கவே இல்லை. ஹாஸ்டல் படுக்கையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. விடிந்ததும் போன் பண்ணிக் கேட்க வேண்டும் என்றே படுத்தேன். விடிந்ததும் பாலத்துக்குப் போய்விட்டோம். அப்புறம் ஸ்டேஷனில் நின்றபோது ஒன்று தோன்றியது. நீ அதைத் தூக்கியும் எறியவில்லை. பை எங்கெங்கே போயிருக்குமோ அங்கெல்லாம் அதுவும் போயிருக்கிறது. பார்த்தாயா, பார்க்கவே இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

அந்த ஜிப்பின் தையலில் இன்னும் செம்மண் இருக்கிறது. ஹம்பி மண்ணாகத்தான் இருக்கும். 2015இல் சிநேகிதியோடு சொல்லாமல் போய்விட்டு வந்தாய் என்று பத்து நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பேசிய பிறகும் யார் கூட, எங்கே தங்கினீர்கள், யாரைக் கேட்டுப் போனாய் என்று இந்த மூன்றைத்தான் கேட்டேன். பிராக்கில் நாலு ராத்திரியும் எட்டு மணிக்குப் போன் பண்ணி நீ என்னிடம் கேட்டதும் அவையேதான். குறை சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

பையைத் துடைத்து அதே அடித்தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பொட்டலமும் அதே ஜிப்பில் இருக்கிறது. கூடவே டீச்சர் எண்கள் எழுதிய டிராம் டிக்கெட்டும் இருக்கும், அதைத் தொலைத்துவிடாதே, திருப்பிக் கேட்கிறார். அப்பாவுக்கு ஹாஸ்டல் விஷயம் தெரியாது. தெரிய வேண்டாம்.

ஹம்பியில் அந்தக் கல் தேரைப் பார்த்தீர்களா? துங்கபத்திரையில் பரிசலில் போனீர்களா? என்னவெல்லாம் பார்த்தாய் என்று எழுது. போனில் சொல்லாதே, எழுது.

அம்மா