சனிக்கிழமை கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளாட்சி நிர்வாகத்தினர் நம் பள்ளிக்கு வருகிறார்கள். வெள்ளம், கடும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு இவற்றை நம் பகுதி எப்படித் தாங்கப்போகிறது, அடிபட்டால் எப்படி எழுந்து நிற்கப்போகிறது என்பதற்கு ஒரு திட்டம் தயாராகிறது. அதன் வரைவை நம் கூட்ட அரங்கில் வைத்துக் கருத்துக் கேட்கப்போகிறார்கள். ஆபத்துக் காலத்தில் நம் கட்டடம் நிவாரண முகாம் ஆகும் என்றும், விளையாட்டுத் திடலின் ஒரு பகுதி பெருமழை நீரைத் தற்காலிகமாகத் தாங்கும் இடம் ஆகும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டு வரியில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைப் பல வருடமாகப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் கமாயிஷி என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே உனொசுமாய் என்ற பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. 2011 மார்ச் 11 பிற்பகலில் நிலம் அதிர்ந்தது. ஊர் அபாய வரைபடத்தின்படி அந்த இரண்டு பள்ளிகளும் சுனாமி எட்டாத இடத்தில்தான் இருந்தன. அதனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை முதலில் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்களோ வெளியே ஓடத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைகளும் இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஏற்கெனவே குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தபோது, பக்கத்தில் மலைச்சரிவு இடிந்து கிடந்தது. இது போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள். அப்புறம் அதற்கும் மேலே. விட்டு வந்த இரண்டு பள்ளிகளையும் கடல் விழுங்கியது. அந்த நகரத்தின் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேரில் 99.8 சதவீதம் பேர் உயிர் பிழைத்தார்கள்.

இதை அதிசயம் என்று உலகம் எழுதியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே கத்தாதா தொஷிதாக்கா என்ற பேராசிரியர் அந்த நகரத்துப் பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்து வந்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து வரும் வழியைப் பிள்ளைகளே வரைபடமாகப் போட்டார்கள்; எந்த இடத்தில் இருந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அதில் குறித்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்தவை மூன்று. இவ்வளவுதான் வரும் என்ற கணிப்பை நம்பி உட்காராதே. அந்த நேரத்தில் உன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய். பிறருக்காகக் காத்திராமல் முதல் ஆளாக ஓடு; உன்னைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்கள். தொடக்கப் பள்ளியின் மூன்றாம் மாடியில் நடந்தது அந்த மூன்றாவது பாடம்தான்.

அதே உனொசுமாயில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே 2010இல் ஒரு பேரிடர் தடுப்பு மையம் திறக்கப்பட்டது. சுனாமி வந்தால் ஓட வேண்டிய இடமாக அது குறிக்கப்படவில்லை. குறிக்கப்பட்ட இடம் மேட்டில் இருந்தது. ஆனால் நிறையப் பேர் கலந்துகொள்ளட்டும் என்று சுனாமி ஒத்திகைகளைக் கிட்டத்தில் இருந்த அந்த மையத்திலேயே நடத்தினார்கள். அன்று மக்கள் ஒத்திகையில் பழகிய இடத்துக்கே ஓடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இறந்தார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பள்ளி ஒத்திகையை நான் எப்படி நடத்தி வந்திருக்கிறேன்? இன்ன தேதி, இன்ன மணி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெயில் ஏறாத நேரம் பார்த்து, வாசலுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, திரும்ப வகுப்புக்கு அனுப்பிவிடுவேன். அது எனக்கு வசதியான இடம். வெள்ளத்திலும் தீயிலும் பாதுகாப்பான இடமா என்று யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. இது என் தவறு. இனி ஒத்திகை நாளை முன்கூட்டி அறிவிக்கப்போவதில்லை. மதிய இடைவேளையில் நடக்கும், தூறல் விழும்போதும் நடக்கும், எந்த ஆபத்துக்கு எந்த இடமோ அங்கேயே போய் முடியும். பிள்ளை நனைந்து வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எது சரியான இடம் என்று சனிக்கிழமை நிர்வாகத்திடம் நான் எழுதி வாங்கப்போகிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் கேட்பீர்கள். 1992இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் கூடி நிறைவேற்றிய செயல்திட்டத்தின் 28ஆம் அத்தியாயம் உள்ளாட்சிகளைப் பற்றியது. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் ஆட்சி அதுதான் என்று சொல்லி, ஒவ்வொரு நாட்டிலும் பெரும்பாலான உள்ளாட்சிகள் தங்கள் மக்களைக் கலந்து பேசி 1996க்குள் தங்களுக்கென ஒரு திட்டத்துக்கு வர வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. 2015இல் ஜப்பானின் செந்தாய் நகரில் உருவான பேரிடர் உடன்பாடும் உள்ளூர் அளவிலான திட்டங்களை வலியுறுத்துகிறது. காரணம் எளிது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது தலைநகரத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்து சொன்னால்தான் அது திட்டத்தில் ஏறும்.

திடல் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தண்ணீரை விடுவதா என்று இரண்டு மூன்று பெற்றோர் வருத்தத்தோடு பேசினார்கள். எனக்கும் முதலில் அந்தக் கவலை இருந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பெந்தெம்பிளைன் என்ற சதுக்கம் 2013இல் இப்படி மாற்றப்பட்டது. மூன்று பள்ளங்கள். மழை இல்லாத நாட்களில் ஆழமான பள்ளம் பந்து விளையாடும் களம், மற்றவை சறுக்குப் பலகை ஓட்டவும் உட்காரவும் பயன்படுகின்றன. பெருமழையில் மூன்றும் சேர்ந்து சுமார் 17 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கிக்கொண்டு, பிறகு மெல்ல வெளியே விடுகின்றன. எனக்குப் பிடித்தது இன்னொன்று: சதுக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பயிலரங்குகளில் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாரிஸிலும் தார் போட்ட பள்ளி முற்றங்களைப் பெயர்த்து, மரமும் மண்ணுமாக மாற்றி, வெயில் காலத்தில் அக்கம்பக்கத்தாருக்கும் திறந்துவிடும் வேலை சில வருடமாக நடந்து வருகிறது. அந்த முற்றங்களைப் பற்றியும் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

ஆகவே திடலைத் தரலாம் என்பது என் எண்ணம், கேள்விகளோடு. மழை நின்றபின் எத்தனை மணி நேரத்தில் நீர் வடியும்? சேற்றை யார் அள்ளுவார்கள், எந்த நாளுக்குள்? ஆழம் எவ்வளவு? சாக்கடை நீர் கலக்காமல் இருக்க என்ன ஏற்பாடு? பதில் எழுத்தில் வேண்டும். நம் மாணவர்களில் நான்கு பேர் வரைபடத்தின் முன் நின்று பேசுவார்கள். அவர்களே தேர்ந்தெடுத்த நால்வர்.

முகாம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். வீடிழந்தவருக்குக் கதவைத் திறப்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பள்ளி முகாமானால் அந்த நாட்களில் படிப்பு நிற்கும். வாரங்கள் நீண்டால், வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளைதான் முதலில் பின்தங்கும், சில சமயம் திரும்பி வராமலே போகும். அதனால் எந்த அறைகள் முகாமுக்கு, எந்த அறைகளில் வகுப்பு தொடரும், அதிகபட்சம் எத்தனை நாள், மாற்று இடம் எது என்பதெல்லாம் இப்போதே முடிவாக வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதை இரண்டும் எப்படியும் நமக்குத் தேவைதான். இதைச் சாக்காக வைத்தாவது கேட்டு வாங்குவோம்.

வெயிலைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் சில நாள் வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். கதவைத் தட்டிப் பார்க்க ஆளில்லாததும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று யோசித்து வையுங்கள். அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும், பெயரை உள்ளாட்சியின் பொறுப்பு அலுவலரிடம் நேரில் கொடுங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள்; இந்த வீட்டில் ஆள் தனியாக இருக்கிறார் என்று ஊருக்கே அறிவிப்பது ஆபத்து.

தண்ணீரைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பேசுவார்கள். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியதைப் பாடத்தில் படித்துவிட்டு, தங்கள் வீட்டில் அளந்துகொண்டிருக்கிறார்கள். வாளியும் கையுமாக நின்றால் திட்டாதீர்கள்.

சனிக்கிழமை வர முடியாதவர்கள் உங்கள் கேள்வியை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஒன்று விடாமல் நான் படித்துக் காட்டுகிறேன். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு நூலக அறை திறந்திருக்கும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாள் இணைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து பக்கத்து மேட்டு நிலத்துக்குப் போகும் வழியை உங்கள் பிள்ளை அதில் வரையட்டும். ஒரு மாலையில் அந்த வழியே பிள்ளையோடு நடந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வேகத்திலேயே நடங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எங்கே தடுக்கியது, எந்த இடத்தில் விளக்கில்லை என்று பின்பக்கத்தில் எழுதிச் சனிக்கிழமை கையோடு கொண்டுவாருங்கள். எல்லாத் தாள்களையும் அரங்கின் சுவரில் ஒட்டுவதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்