நம்ம குடியிருப்போர் சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை: மழைக்கு முன்னாடியே செலவு பண்ணுவோம்

தலைவர் ஐயா, பொருளாளர் மேடம், கமிட்டி மெம்பர்ஸ், ஞாயித்துக்கிழமை லீவ விட்டுட்டு வந்திருக்கிற அத்தனை பேருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயத்த சீக்கிரம் சொல்லிடறேன். தெரு லைட், கேமரா ரிப்பேர், நாய்ங்களுக்கு தடுப்பூசி, பொங்கல் விழா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, கணக்க மேடம் வாசிப்பாங்க, சந்தா பாக்கி இருக்கிறவங்க இந்த மாசத்துக்குள்ள குடுத்துடுங்க. மீதி நேரம் பூரா மழை, வெயில், தண்ணி பத்தி தான் பேசப்போறேன், ஏன்னா மினிட்ஸ் புக்க புரட்டினா பாதிக்கு மேல அதுதான் இருக்கு.

அக்டோபர் பாதில ரெட் அலர்ட்னு சொன்ன உடனே நம்ம தெருக்காரங்க கார எல்லாம் கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்துல விட்டுட்டு வந்தாங்க, டிவிலயே காட்டுனாங்க. 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் பட்டவங்க வேற என்ன பண்ணுவாங்க? நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு ஏர்போர்ட்டையே மூடினாங்க, அது புதுச்சேரி பக்கம் கரைய கடந்துச்சு, நாம தப்பிச்சோம், ஆனா விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ. கொட்டிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரு நாள் மழை 95 செ.மீ. நம்ம சென்னைல வருஷம் பூரா பெய்யறதே சுமார் 140 தான்! அந்த மழை நம்ம தலை மேல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சு பாருங்க.

இது ஏதோ நம்ம நேரம் சரியில்லங்கற கதை இல்ல. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த வச்சுக்கும், அப்புறம் அத மொத்தமா ஒரே இடத்துல கொட்டும். 2024 தான் இதுவரைக்கும் பதிவானதுலயே சூடான வருஷம், தொழிற்சாலைங்க வர்றதுக்கு முந்தின காலத்தவிட சுமார் 1.55 டிகிரி ஜாஸ்தினு உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கு. இந்த சூட்ட 1.5 டிகிரிக்குள்ள நிறுத்த பாப்போம்னு பாரிஸ் காலநிலை மாநாட்டுல நாடுங்க எல்லாம் பேசிட்டிருந்த அதே வாரம் தான், 2015 டிசம்பர் முதல் வாரம், நம்ம தெருவுல படகு ஓடுச்சு. ஒரு வருஷம் மட்டும் அந்த 1.5ஐ தாண்டிட்டதால எல்லாம் போச்சுனு அர்த்தம் இல்ல, பல வருஷ சராசரி தான் கணக்கு, அதனால தான் இன்னும் கொஞ்சம் டைம் இருக்கறப்பவே செய்யணும்னு கெஞ்சி கேக்கறேன்.

இப்ப நம்ம சங்கத்து செலவ பாருங்க. தண்ணி இறைக்க மோட்டார் வாடகை, டீசல், சம்ப் கழுவ ஆளு, அப்புறம் மே மாசம் போர் வத்துனதும் லாரி தண்ணி. எல்லாமே அடி வாங்கின பிறகு மருந்து போடற செலவு. முன்கூட்டியே பண்ண செலவுனு ஒரு வரி கூட இல்ல, எனக்கு இதுதான் ரொம்ப வேதனையா இருக்கு. 2019ல சென்னைக்கு குடிதண்ணி குடுக்கற நாலு ஏரியும் வறண்டு ஜோலார்பேட்டைலேந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அதுவும் இதே ஊர்தான்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல வந்துச்சு, 1,247 ஹெக்டேர். ஒரு காலத்துல அஞ்சாயிரத்துக்கும் மேல இருந்துச்சு. தென்சென்னை ஏரிங்களோட உபரி தண்ணி அதுல எறங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய் போய் தான் கடல சேரணும். நம்ம பின்னாடி இருக்கிற வாய்க்கால்ல கட்டட இடிபாட்ட கொட்டறாங்கனு போட்டோவோட மனு குடுத்தோம், இன்னும் பதில் இல்ல, விடமாட்டோம், மறுபடி போறோம், கூட வர்றவங்க பேரு குடுங்க.

"நம்ம ஒரு தெரு பண்ணா உலகம் மாறிடுமா"னு போன மீட்டிங்ல ஒரு அண்ணா கேட்டாரு. நியாயமான கேள்வி. பெரிய நாடுங்க, அனல் மின் நிலையங்க விடற புகைக்கு முன்னாடி நம்மளுது ஒண்ணுமே இல்ல தான், அரசாங்கம் தான் பெருசா பண்ணணும். ஆனா செஞ்சு காட்டின சங்கம் போய் கவுன்சிலர்கிட்ட கேக்கறப்ப அந்த பேச்சுக்கு வெயிட்டு இருக்கும்ணா, அதுவும் இல்லாம வெள்ளம் நம்ம வாசலுக்கு தான வருது.

அதனால கமிட்டி வைக்கிற தீர்மானம் இதுதான். காமன் மோட்டார், லிஃப்ட், லைட்டுக்கு சோலார் போடறோம், குடியிருப்போர் சங்கங்களுக்கு மத்திய அரசு திட்டத்துல கிலோவாட்டுக்கு 18,000 ரூபா மானியம் இருக்கு. ஒவ்வொரு வீட்டு மழைநீர் தொட்டியையும் செப்டம்பருக்குள்ள தூர்வாரணும், 2003லயே சட்டம் கட்டாயம் ஆக்கினது, பல வீட்டுல பைப்பு மட்டும் தான் மிச்சம் இருக்கு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடில ஒரு செ.மீ. மழை விழுந்தாலே 900 லிட்டருக்கு மேல வரும், அத ரோட்டுல விட்டுட்டு லாரிக்கு காசு குடுக்கறோம். குப்பைய, சருக எரிக்கறது இன்னியோட நிறுத்தணும். வெயில் அலைய தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல மாநில பேரிடர்னே அறிவிச்சாச்சு, அதனால வாட்ச்மேன் அண்ணாக்கும் தூய்மை பணியாளர்களுக்கும் கேட் பக்கத்துல நிழலும் குடிதண்ணியும் உடனே வேணும், இதுக்கு ஓட்டெடுப்பே தேவையில்லனு நினைக்கறேன்.

இந்த செலவுக்கு சந்தாவ கொஞ்சம் ஏத்த வேண்டி வரும். எவ்வளவுனு மேடம் கணக்கு வாசிச்ச உடனே பேசுவோம், ஆட்சேபணை இருந்தா இங்கயே சொல்லுங்க, அப்புறமா கை தூக்குங்க.

இப்படிக்கு,
செயலாளர்